இலையின் இடப்பக்கம்: மூளைக் காயத்துக்குப் பின் பல துறையினர் சேர்ந்து தரும் மறுவாழ்வுச் சிகிச்சை

தேவகோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா, விபத்துக்குப் பிறகு வீடு திரும்பிய முதல் வாரத்தில் இலை முன் உட்கார்ந்து, "என்ன, ஊறுகா வைக்கலியா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். ஊறுகாய் இலையில்தான் இருந்தது. உப்புக்குப் பக்கத்தில், இட ஓரத்தில், வழக்கமாக வைக்கும் இடத்திலேயே இருந்தது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தால், இலையின் வலப்பாதி துடைத்து எடுத்தாற்போல் காலியாகவும், இடப்பாதி கைபடாமலும் கிடந்தது. பசியில்லை போலும் என்று முதலில் நினைத்தோம், பிறகு கண்பார்வை குறைந்துவிட்டதென்று நினைத்தோம், ஒரு கட்டத்தில் பிடிவாதம் என்றுகூடச் சொல்லிவிட்டோம், அப்படிச் சொன்னது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

கண் மருத்துவர் சோதித்துவிட்டுக் கண்ணில் குறையில்லை என்றார். வீட்டுக்கு வந்து நடைப்பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட், அவருடைய இடது தோள் ஒவ்வொரு முறையும் கதவு நிலையில் இடிப்பதைப் பார்த்துக் கால் பலம் இன்னும் வரவில்லை என்று எழுதினார். வாரம் ஒருமுறை மதுரைக்கு அழைத்துப் போய்க் காட்டிய பேச்சுப் பயிற்சியாளர், இடப்புறம் நின்று கேட்டால் பதில் வருவதில்லை என்பதைக் கவனித்துக் காதைச் சோதிக்கச் சொன்னார். மூவரும் கண்டது ஒரே குறையைத்தான், ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததால், அது மூன்று குறைகளாக மூன்று சீட்டுகளில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஒரு மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது, எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்த நாளில்தான் விஷயம் விளங்கியது. மூளையின் வலப்பாதியில், காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக உள்ள பகுதி அடிபட்டால், உலகத்தின் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பார்கள். பார்வைப் புலத்தில் ஒரு பாதியை இழந்தவருக்குத் தனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்பது பெரும்பாலும் தெரியும், அதனால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவருக்கோ எதுவும் விடுபட்டதாகவே தோன்றாது.

பல துறையினர் சேர்ந்து தரும் மறுவாழ்வுச் சிகிச்சை ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்த ஓர் இலையை வைத்தே விளக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் மூளைக் காயம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள, நுங்கைப் போல மென்மையான உறுப்பு. கெட்டியான மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கும் அது, வண்டியிலிருந்து விழும்போதோ மாடியிலிருந்து தவறும்போதோ, உட்சுவரில் மோதி நசுங்குவதோடு, தன் நெடிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்தும் போகிறது. அந்தக் கணத்தில் நேர்வது முதல் காயம். அதன் பிறகு மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் ஏற்படும் இரத்தக்கட்டு, வீக்கம், பிராணவாயுக் குறைவு ஆகியவை இரண்டாவது காயம். அவசரச் சிகிச்சை மருத்துவர்களும் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் போராடுவது இந்த இரண்டாவது காயத்தோடுதான். விபத்தால் மட்டுமல்லாமல் பக்கவாதம், மூளைக் காய்ச்சல், நீரில் மூழ்கி மூச்சடைத்தல், கட்டியை அகற்றும் அறுவை ஆகியவற்றாலும் மூளை பாதிக்கப்படலாம். மறுவாழ்வு முறைகள் இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொதுவானவையே.

காயம் எவ்வளவு கடுமையானது என்று அளப்பதற்கு, கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட அளவுகோலை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். எதற்குமே அசைவில்லாதவருக்கும் 3 கிடைக்கும். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுமையான காயம். தலைக்கவசம் போடாமல் காரைக்குடிச் சாலையில் விழுந்த பெரியப்பாவை 108 வண்டியில் ஏற்றியபோது அவருக்கு 7 புள்ளிகள். அறுவைச் சிகிச்சை செய்து இரத்தக்கட்டை அகற்றினார்கள், உயிர் பிழைத்தார். ஐந்து வாரம் கழித்து, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உணவு எப்படிக் கொடுப்பது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, இனி யாரைப் பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே பல குடும்பங்கள் தவித்து நிற்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அடி ஒன்றுதான், ஆனால் மூளையின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வேலை பார்ப்பதால், குறைகள் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலானோருக்கு மொழி இடப்பாதியில் இருக்கிறது. திட்டமிடுதலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் இருக்கின்றன. புதியதை நினைவில் பதித்தல் காதுக்கு முன்னால் உள்ள பொட்டுக்கு உட்பக்கத்திலும், நடையின் நிதானம் பின்மண்டையின் அடியிலும், விழுங்குவதும் மூச்சும் விழிப்பும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. விபத்து இந்த எல்லைகளைப் பார்த்து நிகழ்வதில்லை. ஒரே ஆளுக்குக் கை விறைப்பும், மறதியும், விழுங்கும் சிரமமும், காரணமில்லாத கோபமும் சேர்ந்து வரும்போது, எந்த ஒரு படிப்பு படித்தவராலும் அத்தனையையும் தனியே பார்த்துவிட முடியாது.

மூளை தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடியது என்பதுதான் இந்தச் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை. இறந்த நரம்பணுக்கள் மீண்டு வராவிட்டாலும், மீதமுள்ளவை தங்களுக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அதுவும் வாழ்க்கைக்குப் பயன்படும் செயலையே செய்ய வேண்டும். பந்தை நூறு தடவை அழுத்துவதைவிடச் செம்பை நூறு தடவை எடுத்து வைப்பது நல்ல பலன் தருவது அதனால்தான். முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் வேகமாக இருக்கும், பின்னர் வேகம் குறையும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடரும். ஓராண்டு கழிந்துவிட்டது, இனி ஒன்றும் வராது என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம்.

இப்போது குழுவில் யார் யார் இருப்பார்கள் என்று பார்ப்போம். தலைமை பெரும்பாலும் மறுவாழ்வு மருத்துவருடையது. தசை விறைப்புக்கும் வலிப்புக்கும் வலிக்கும் மருந்து தருவதோடு, மற்றவர்களை ஒருங்கிணைப்பதும் அவர் பொறுப்பு. செவிலியர் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதிலிருந்து சிறுநீர்ப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது வரை பார்க்கிறார். பிசியோதெரபிஸ்டின் வேலையை எல்லாரும் அறிவார்கள். அவர் முதல் நாளே எங்களுக்குச் சொன்ன ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்: பலமிழந்த கையைப் பிடித்து இழுத்து யாரையும் தூக்கக் கூடாது. தசைகளின் பிடி தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர் பேச்சுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வலப்பாதி மூளையில்தானே அடி, பேச்சு நன்றாக வருகிறதே, அவர் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். விழுங்குவதைச் சோதித்துச் சரிசெய்பவரும் அவரே என்பது எங்களுக்குத் தெரியாது. மூளைக் காயம் பட்டவருக்குத் தொண்டைத் தசைகள் உரிய நேரத்தில் மூடித் திறக்காவிட்டால், உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். சிலருக்கு இருமல்கூட வராது, எனவே வெளியே எதுவும் தெரியாமலே இது நடந்துகொண்டிருக்கும். இதில் பலருக்கும் வியப்பாக இருப்பது, தண்ணீர்தான் மிகவும் ஆபத்தானது என்பது. ஓட்டம் வேகமாக இருப்பதால் தொண்டை சுதாரித்துக்கொள்வதற்குள் அது இறங்கிவிடுகிறது. பெரியம்மா பாசத்தோடு வாயில் ஊற்றிய ஒவ்வொரு மடக்குத் தண்ணீரும் எவ்வளவு ஆபத்தானது என்று அந்தப் பயிற்சியாளர் விளக்கியபோது, பெரியம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

அதன் பிறகு கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்தில் கஞ்சி கொடுத்தோம். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்று நெஞ்சை நோக்கிக் குனியச் சொல்லி, ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுத்தோம். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவிடவில்லை. எங்கள் பக்கத்து உபசாரம் கொஞ்சம் கனமானது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கைநிறையப் பலகாரம் கொண்டுவருவார்கள், கவுனி அரிசியும் கந்தரப்பமும் அவருக்குப் பிடிக்குமே என்று ஒரு வாயாவது ஊட்டிவிட ஆசைப்படுவார்கள். எந்தப் பதம், எந்த அளவு என்று பயிற்சியாளர் சொல்லும்வரை அந்த ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். கதவில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டோம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவரைப் பற்றி இங்கே அதிகம் தெரியாது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கடையைத் திறப்பது போன்ற அன்றாடச் செயல்களை நோயாளி மறுபடியும் தானே செய்யும்படி ஆக்குவது அவர் துறை. பெரியப்பாவின் இலைக்கு வழி சொன்னவர் ஓர் இளம் பெண் தெரபிஸ்ட்தான். இலையின் இட ஓரத்தை ஒட்டிப் பளபளவென்று துலக்கிய பித்தளைச் செம்பை வைக்கச் சொன்னார். "ஐயா, மொதல்ல செம்பத் தொடுங்க. அதத் தொட்டுட்டு, அங்கேருந்து வலப்பக்கமா பாத்துக்கிட்டே வாங்க" என்பது அவர் கொடுத்த கட்டளை. பார்வைக்கு ஒரு நங்கூரம் போல இட ஓரத்தில் ஒரு குறியை வைத்து, அங்கிருந்து தொடங்கப் பழக்கும் முறை இது. முதல் நாள் அவர் செம்பைத் தேடிக் கையை வலப்பக்கமே துழாவினார். பெரியம்மா அவருடைய விரல்களைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தி, செம்பின் குளிர்ச்சியில் வைத்தார். பத்தாவது நாளோ என்னவோ, அவராகவே தொட்டார்.

இதை ஒருவர் மட்டும் செய்திருந்தால் அது சாப்பாட்டு வேளையோடு நின்றிருக்கும். குழுக்கூட்டத்தில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தார்கள். நடைப்பயிற்சியில் பிசியோதெரபிஸ்ட், "இடப்பக்கம் பாருங்க" என்றார். நிலைக்கதவின் இட ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். செவிலியர் மருந்து கொடுக்க இடப்பக்கமாக வந்து, பெயர் சொல்லி அழைத்து, அவர் திரும்பும்வரை காத்திருந்தார். பேச்சுப் பயிற்சியாளர் நாளிதழின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வரியையும் படிக்கவைத்தார். சட்டை போடும்போதும் இடது கையைத்தான் முதலில் நுழைத்தார்கள். ஒரு நாளில் ஐந்து நிமிடப் பயிற்சியாக இருந்திருக்க வேண்டியது, விழித்திருக்கும் நேரமெல்லாம் நடக்கும் பயிற்சியாயிற்று.

துறை சார்ந்தவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்வார்கள். பல நிபுணர்கள் தத்தம் அறையில் தத்தம் இலக்கோடு பார்த்து அறிக்கை எழுதுவது ஒரு முறை. அனைவரும் கூடி, நோயாளியின் ஒரே இலக்கைத் தீர்மானித்து, அதைப் பகிர்ந்துகொண்டு செய்வது மற்றொரு முறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஆட்கள் அதேதான். எங்களுக்கு முதலாவது முறையில் மூன்று மாதம் போயிற்று, இரண்டாவது முறையில் ஆறு வாரம் போயிற்று. எது எதைக் கொடுத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இலக்கு யாருடையதாக இருக்க வேண்டும் என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் பேசப்பட்டது. மகனுக்குக் கடை முக்கியம், பெரியம்மாவுக்கு அவர் கோபப்படாமல் இருந்தால் போதும், மருத்துவருக்குக் கை விறைப்பு குறைய வேண்டும். அவரிடம் கேட்டபோது, "சாயங்காலம் திண்ணையில போயி உக்காரணும்" என்றார். சிறிய ஆசைதான், ஆனால் அதற்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதைத் தெரபிஸ்டுகள் எடுத்துக்காட்டினார்கள். செட்டிநாட்டு வீடு நீளமானது. அவர் படுத்திருந்த உள்ளறையிலிருந்து வளவைக் கடந்து, முற்றத்தைச் சுற்றி, உயரமான நிலைப்படிகளைத் தாண்டி, முகப்புக்கு வந்துதான் திண்ணையை அடைய வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல். அது காலுக்கு இதமாக இருந்தாலும், முற்றத்து மழைநீர் தெறித்தால் வழுக்கும். எனவே பிசியோதெரபிஸ்ட் எங்கள் நிலைப்படியின் உயரத்தை அளந்து வரச்சொல்லி, அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, தினமும் அதைத் தாண்டப் பழக்கினார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எந்தத் தூணில் கைப்பிடி வைப்பது, கொல்லைப்புறத்துக் கழிவறையை எப்படி மாற்றுவது, கட்டிலின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். வீட்டின் பழமை கெட்டுவிடுமோ என்று உறவினர் சிலர் தயங்கினார்கள். மூன்று இடங்களில் சாய்தளமும் இரண்டு கைப்பிடிகளும் வைத்தோம், வீட்டுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

மறதிக்கான வழி எங்கள் ஊர்த் தொழில் பழக்கத்திலிருந்தே வந்தது. கடைக்காரருக்குச் சிட்டை எழுதுவது கையோடு ஊறியது. நினைவுக் குறிப்பேடு என்று ஒன்றைக் கொடுத்தால் ஒதுக்கியிருப்பார். நாள் சிட்டை என்று சொல்லி ஒரு நீளநோட்டைக் கொடுத்ததும் எழுதத் தொடங்கினார். காலை மருந்து சாப்பிட்டது, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று வரவு போல ஒரு பக்கமும், செய்ய வேண்டியவை மறுபக்கமும் எழுதினார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கடுமையான மறதி உள்ளவரை, "சொல்லுங்க பாப்போம்" என்று சோதிக்கக் கூடாது. தவறாகச் சொன்ன விடையே மனத்தில் பதிந்துவிடும். சரியானதை முதலில் நாம் சொல்லி, அவர் திரும்பச் சொல்லி, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது குணமாற்றம். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதை வேலையின்போது பீனியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தின் வழியே ஓர் இரும்புக் கம்பி நுழைந்து மண்டையைத் துளைத்து வெளியேறியது. பேச்சும் நடையும் தங்கிவிட்டன, ஆனால் பொறுப்பான மனிதராக இருந்தவர் முன்கோபியாக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதிவைத்தார். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதிக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் அதிலிருந்துதான் கவனிக்கத் தொடங்கியது. "ஆளே மாறிட்டாரு" என்று அழும் குடும்பத்துக்கு, இது திமிரல்ல, காயத்தின் ஒரு பகுதி என்று சொல்லிப் புரியவைப்பவர் நரம்பு உளவியலாளர். இரைச்சலைக் குறைப்பது, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, களைப்பு வருமுன் ஓய்வு கொடுப்பது என்று அவர் சொன்ன எளிய மாற்றங்களால் பெரியப்பாவின் கோபம் பாதியாகக் குறைந்தது. பராமரிப்பவரின் மனச்சோர்வையும் அவர் கேட்டறிந்தார். பெரியம்மாவிடம், "நீங்க தூங்குறீங்களா?" என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

இந்தியாவில் இத்தகைய சிகிச்சைக்கு முன்னோடி நம் மாநிலத்திலேயே உண்டு. 1954-இல் நிகழ்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலிக்கு வந்த டாக்டர் மேரி வர்கீஸ், அந்த நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்; பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் 1966-இல் தொடங்கியது. பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் நிறுவனமும் மூளைக் காய மறுவாழ்வுக்குப் பெயர் பெற்றது.

சிவகங்கை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ளவற்றையும் சொல்ல வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. கடுமையான காயமென்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள், இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். குறை நிலைத்துவிட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழும் அடையாள அட்டையும் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். இந்தத் தாள்வேலைகளில் கைகொடுப்பவர் குழுவின் சமூகப் பணியாளர்.

சிறிய ஊர்களில் முழுக்குழு கிடைப்பது அரிது. பேச்சுப் பயிற்சியாளரும் நரம்பு உளவியலாளரும் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். அப்படியானால் குழுவின் ஒரு வேலையைக் குடும்பம் செய்துவிடலாம் என்பது என் அனுபவம்: ஒரே நோட்டை எல்லாச் சிகிச்சையாளரிடமும் கொண்டுபோவது, முந்தையவர் எழுதியதை அடுத்தவரிடம் படிக்கக் கொடுப்பது, மாதம் ஒருமுறையாவது அவர்களில் இருவரை ஒரே அலைபேசி அழைப்பில் இணைப்பது. வீட்டில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு என்னிடம் இருந்தது.

விபத்து நடந்து இப்போது மூன்றாவது ஆண்டு. பெரியப்பா காலை பத்து மணிக்குக் கடைக்குப் போகிறார், ஒரு மணிக்கெல்லாம் களைத்துவிடுவதால் வீட்டுக்கு வந்து படுக்கிறார். ஆணியும் கீலும் எடை போட்டுக் கொடுப்பார்; பணத்தை எண்ணும்போது மகன் கூட நிற்கிறான், பெரிய கணக்கு இன்னும் அவருக்கு ஓடவில்லை. இடது கை முழுதாக விரியவில்லை, பயிற்சி தொடர்கிறது. சாயங்காலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டித் திண்ணைக்கு வருகிறார். செம்பை இட ஓரத்தில் வைப்பதைப் பெரியம்மா போன தையோடு நிறுத்திவிட்டார், ஆனாலும் இலை முன் உட்கார்ந்ததும் அவருடைய வலக்கை முதலில் இடப்பக்கம் போய், செம்பு இருந்த இடத்தில் தரையைத் தொட்டுவிட்டுத்தான் ஊறுகாய்க்கு வருகிறது.